இரண்டு ஸ்கேனையும் சேர்த்துப் படியுங்கள்

ஜவ்வாது மலையிலிருந்து ஒருவர் இதய ஸ்கேன் எடுக்கக் கீழே இறங்கி வருகிறார் என்றால் அன்றைய கூலி போயிற்று என்று பொருள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குச் சுமார் 40 கி.மீ. மலைப்பாதை. உள்ளடங்கிய ஊர் என்றால் பேருந்து வரும் இடத்துக்கே முதலில் நடந்து வர வேண்டும். அப்படி வருபவர் கையில் பெரும்பாலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதில் பழைய சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், எப்போதோ வேறு ஊரில் எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கை என்று எல்லாம் கிடக்கும். அந்தப் பையில் உள்ள ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் பார்க்கும் மருத்துவன் நான். இதயத்தைப் பார்க்கும்போது இதயத்தை மட்டும் எழுதுகிறோம், சிறுநீரகத்தைப் பார்க்கும்போது சிறுநீரகத்தை மட்டும் எழுதுகிறோம். இதயச் சுவர் தடித்திருந்தால் ‘பி.பி.யால் வந்தது’ என்று ஒரு வரி. சிறுநீரகத்தில் சிறு நீர்க்கட்டி இருந்தால் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று ஒரு வரி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில பேருக்குக் கதை வேறாகிவிடும். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்து, அதனால் செல்களில் கொழுப்பு சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய் அவர்களுக்கு இருக்கலாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மலையில் சாமை விதைத்துவிட்டு, மிச்ச மாதங்களில் குடகுக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். வயது நாற்பதைத் தொடவில்லை. ஏறுபாதையில் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, இடது மார்புக்குக் கீழே புரோப்பை வைத்தேன். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் திரையில் தெரிந்தது. சாதாரணமாக அது 6 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அவருக்கு 15. ரத்த அழுத்தத்தை உட்கார வைத்தும் படுக்க வைத்தும் பார்த்தேன். இரண்டு முறையும் சரியாக இருந்தது. பி.பி. இல்லாத ஒருவருக்குச் சுவர் ஏன் தடிக்க வேண்டும்?

பையைக் கொட்டச் சொன்னேன். நாலாய் மடித்த வயிற்று ஸ்கேன் தாள் ஒன்று கிடைத்தது. இடுப்பு வலிக்காக எடுத்தது. இரு சிறுநீரகங்களின் நடுப்பகுதியிலும், சிறுநீர் வடிந்து சேரும் இடத்தை ஒட்டிச் சிறு நீர்க்கட்டிகள் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டவை எல்லாம் இதயத்தைப் பற்றியவையே அல்ல. “சின்ன வயசுல காய்ச்சல் வந்தா கை கால் எரியுமா? வெயில்ல வேலை செஞ்சா மத்தவங்க மாதிரி வேர்க்குமா? உங்க தாய்மாமன் இருக்காரா, எதுல போனாரு?” தாய்மாமன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். சிறுநீரில் புரதம் இல்லை. இருந்தாலும் விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தத்தைத் தாளில் ஊற்றி, காய வைத்து, பரிசோதனைக்கு அனுப்பினேன்.

நான் சந்தேகப்பட்டது ஃபேப்ரி நோயை. முடிவு வந்தபோது நொதி சரியான அளவில் இருந்தது, அந்த நோய் இல்லை. அந்த நீர்க்கட்டிகளும் பலருக்கு வருகிற சாதாரணக் கட்டிகளே. ஆனால் கேள்வி வீண்போகவில்லை. பி.பி.யும் இல்லை, ஃபேப்ரியும் இல்லை என்றால் இதயத் தசையே பரம்பரையாகத் தடிக்கும் நோயாக இருக்க வேண்டும் என்று அவருடைய தம்பியையும் வரச் சொன்னோம். தம்பிக்கும் சுவர் தடித்திருந்தது. மரம் ஏறுவதும் மூட்டை தூக்கி ஓடுவதும் தம்பிக்கு ஆபத்து என்பது அன்றுதான் தெரிந்தது. ‘பி.பி.யால் வந்தது’ என்று எழுதி முடித்திருந்தால் தம்பியை யாரும் கூப்பிட்டிருக்கப் போவதில்லை.

ஃபேப்ரி நோயை 1898-ல் ஜெர்மனியில் யோஹான்னஸ் ஃபேப்ரியும் இங்கிலாந்தில் வில்லியம் ஆண்டர்சனும் தனித்தனியே விவரித்தார்கள். இருவர் கண்ணிலும் முதலில் பட்டது தோலில் வரும் கருஞ்சிவப்புப் புள்ளிகள்தான். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி குறைவதுதான் காரணம் என்பது 1967-ல் தெரிந்தது. அந்த நொதி இல்லாவிட்டால் ஒருவகைக் கொழுப்பு கரையாமல் ரத்தக் குழாய்ச் சுவர், நரம்பு, சிறுநீரகம், இதயத் தசை என்று எல்லா இடத்திலும் தங்கிவிடுகிறது. பள்ளி வயதில் உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சலாகத் தொடங்கும். காய்ச்சலிலும் வெயிலிலும் ஓடும்போதும் எரிச்சல் கூடும். வேர்வை சரியாக வராது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவே கருஞ்சிவப்புப் புள்ளிகள் வரும். கூச்சத்தால் பலர் அதை மருத்துவரிடம் காட்ட மாட்டார்கள். இருபதுகளில் சிறுநீரில் புரதம் போகும். முப்பது, நாற்பதுகளில் சிறுநீரகம் செயலிழக்கும், இதயம் தடிக்கும், சிலருக்கு அந்த வயதிலேயே பக்கவாதம் வரும்.

இந்த வரிசையை ஒரு மலைக் கிராமத்துப் பையனோடு சேர்த்துப் பாருங்கள். கால் எரிகிறது என்று அழுதால் வளர்கிற வயசு என்பார்கள். விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் சோம்பேறி என்று பெயர். குளிர்ந்த மலையில் இருக்கும்வரை உடம்பு ஒருவாறு தாங்கும். சமவெளிக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய் வெயிலில் நிற்கும்போதுதான் தாங்காது. முப்பத்தைந்தில் டயாலிசிஸ் படுக்கைக்கு வருவார். அங்கே காரணம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவார்கள். நம் ஊர் டயாலிசிஸ் நிலையங்களில் அந்தச் சொல் அபூர்வமான சொல் அல்ல.

ஃபேப்ரி இந்த மலையில் நிறைய இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உலக அளவில் அதன் முழு வடிவம் 40,000 பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடவும் குறைவாகவே வருகிறது. ஆனால் சரியான ஆட்களிடம் தேடினால் விகிதம் மாறும். 1995-ல் ஜப்பானில் ககோஷிமா மருத்துவர்கள் இதயச் சுவர் தடித்த 230 ஆண்களுக்கு நொதிப் பரிசோதனை செய்து, 7 பேரிடம் இந்தக் குறையைக் கண்டார்கள். பிற்பாடு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் விகிதம் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ வந்தது. அதையே வைத்துக்கொண்டாலும், காரணம் தெரியாமல் சுவர் தடித்த ஒவ்வொருவருக்கும் சில சொட்டு ரத்தம் செலவழிக்க அது போதும். தைவானில் பிறந்த குழந்தைகளிடம் தேடியபோது, இதயத்தை மட்டும் பிற்காலத்தில் தாக்கும் ஒரு வகை எதிர்பாராத அளவுக்குப் பரவலாக இருப்பது தெரிந்தது. தேடும்வரை அங்கேயும் இதை அபூர்வம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேனால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோயை உறுதிசெய்ய ஸ்கேனால் முடியாது. 2006-ல் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு அடையாளத்தைச் சொன்னார்கள். ஃபேப்ரி இதயத்தில் சுவரின் உட்புறத்தில் பளிச்சென்று ஒரு கோடு, அதை ஒட்டி ஒரு மங்கல் கோடு என இரட்டைக் கோடு தெரியும் என்றார்கள். உலகம் முழுக்க எக்கோ பார்ப்பவர்கள் அதைத் தேடத் தொடங்கினோம். சில ஆண்டுகளிலேயே வேறு காரணத்தால் தடித்த இதயங்களிலும் அந்தக் கோடு தெரிகிறது, ஃபேப்ரி உள்ள பலரிடம் தெரிவதில்லை என்று மற்ற குழுக்கள் காட்டிவிட்டன. ஆகவே ஒரு கோட்டை வைத்து யாருக்கும் முத்திரை குத்த முடியாது.

அதைவிட நம்பகமானவை உண்டு. சுவர் ஒரு பக்கம் மட்டும் புடைக்காமல் சுற்றிலும் சீராகத் தடித்திருப்பது, வால்வைப் பிடித்திருக்கும் தசைத்தூண்கள் பருத்திருப்பது, இதயத்தின் பின்பக்கச் சுவரின் அடிப்பகுதி மற்ற பகுதிகளைவிடக் குறைவாகச் சுருங்குவது. கடைசியாகச் சொன்னது, தசைத் துணுக்குகள் எவ்வளவு நீண்டு சுருங்குகின்றன என்று கணக்கிடும் மென்பொருள் உள்ள இயந்திரங்களில் முன்கூட்டியே தெரியும். சிறுநீரகத்தில் மேற்சொன்ன நடுப்பகுதி நீர்க்கட்டிகள் ஃபேப்ரி நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம். அந்தக் கட்டிகள் தம்மளவில் கெடுதல் செய்வதில்லை. அதனாலேயே அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். இள வயதில் இரு பக்கமும் அவை இருந்து, இதயமும் தடித்து, சிறுநீரில் புரதமும் போனால், மூன்றும் சேர்ந்து ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஃபேப்ரி மட்டும் அல்ல. பால் குடிக்கும் குழந்தை துவண்டு கிடக்கிறது, எக்கோவில் இதயம் அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது என்றால் பாம்பே (Pompe) என்ற நொதிக் குறை நோயை நினைக்க வேண்டும். அதற்கு 2006 முதல் நொதி மருந்து உண்டு, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரம் கிடையாது. சின்னப் பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் திரும்பத் திரும்பக் கல் வந்து, சிறுநீரகமே சுண்ணாம்பு பூத்ததுபோல் ஸ்கேனில் வெளுத்துத் தெரிந்தால், கல்லீரல் ஆக்சலேட்டை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் பரம்பரை நோயாக இருக்கலாம். அதில் ஒரு பகுதியினருக்கு பி6 வைட்டமின் மாத்திரையே பலன் தரும். அந்த மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

ஸ்கேன் தாளுக்கு அடுத்தபடி நான் நம்புவது குடும்பக் கதையை. ஃபேப்ரி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நோயுள்ள ஆண் அதைத் தன் தாயிடமிருந்து பெற்றவர். ஆகவே தாய்மாமன், பெரியம்மா சின்னம்மா மகன்கள், அக்கா தங்கை பிள்ளைகள் என்று தாய்வழியில் விசாரிக்க வேண்டும். நோயுள்ள ஆணின் மகள்கள் அத்தனை பேருக்கும் அந்த மரபணு போகும், மகன்களுக்குப் போகாது. பாடப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். நம் ஊரில் அக்கா மகளைக் கட்டுகிறோம், மாமன் மகளைக் கட்டுகிறோம். நோயுள்ள ஒருவர் அக்கா மகளைக் கட்டியிருந்தால், அந்தப் பெண்ணே மரபணுவைச் சுமப்பவளாக இருக்கலாம். அப்போது மகனுக்கும் நோய் வரலாம், ஆனால் அது தாயிடமிருந்து வருவது. அப்பாவுக்கும் மகனுக்கும் நோய் இருப்பதைப் பார்த்து, புத்தக விதிப்படி ‘இது ஃபேப்ரியாக இருக்காது’ என்று மருத்துவர் ஒதுக்கிவிடக்கூடும். தமிழ்நாட்டில் குடும்ப மரம் வரையும்போது யார் யாரைக் கட்டினார் என்பதையும் சேர்த்து வரைந்தால்தான் சரி. பெண்களைக் கேட்கவும் மறக்கக் கூடாது. மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் பிற்காலத்தில் இதயமும் சிறுநீரகமும் கெடுவதுண்டு. அவர்களுக்கு நொதி அளவு இயல்பாகவே காட்டலாம் என்பதால் மரபணுப் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

ஃபேப்ரிக்கான நொதி மருந்தை யாரால் வாங்க முடியும், கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று சக மருத்துவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்து அது. இப்படிப்பட்ட நோய்களில் சிலவற்றுக்கு 10 கிலோ குழந்தைக்கே ஆண்டுக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய்க்கு மேல் வரை ஆகலாம் என்று மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையே கணக்குச் சொல்கிறது. 2022-ல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தினார்கள். வளர்ந்த ஒருவருக்கு அது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தொகை கூட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அதே கொள்கையில் ஃபேப்ரி நோய் இடம்பெறும் வரியைப் படியுங்கள். உறுப்புகள் பெரிதாகக் கெடுவதற்கு முன்பே கண்டறியப்பட்ட ஃபேப்ரி நோய்தான் உதவிப் பட்டியலில் இருக்கிறது. நாற்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் போன பிறகு பெயர் கண்டுபிடித்தால் அந்த வரிக்குள் நுழைவதே சிரமம். சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த நிபந்தனை தாண்டக்கூடியது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருப்பவருக்கு அது மூடிய கதவு. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு அவர் காரணம் இல்லை. ஆனால் தண்டனை அவருக்கு.

நொதி மருந்து கிடைக்காவிட்டாலும் பெயர் தெரிவதால் பலன் உண்டு. புரதம் போவதைக் குறைக்கும் எனலாபிரில், லோசார்டன் எல்லாம் மலிவான மாத்திரைகள். கை கால் எரிச்சலுக்கு, வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் நன்றாகக் கேட்கும். வெயில் வேலையைத் தவிர்க்கலாம். இதயத் துடிப்புத் தடுமாறுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, சிறுநீரகம் மாற்றும் நாள் வந்தால் யாருடைய சிறுநீரகம் என்பது முடிவாகும். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வருபவர் அம்மா. ஃபேப்ரி உள்ள மகனின் அம்மா பெரும்பாலும் அதே மரபணுவைச் சுமப்பவர். பெயர் தெரியாமல் அறுவை நடந்தால், ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கும் சிறுநீரகம் ஒன்றை எடுத்து வைத்து, அம்மாவையும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு விட்டுவிடுகிறோம். நோயில்லாத ஒருவரின் சிறுநீரகமாக இருந்தால் அது தன் சொந்த நொதியோடு நன்றாக வேலை செய்யும். சில சொட்டு ரத்தத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மலைக்கே ஸ்கேனைக் கொண்டுபோகலாமே என்றும் கேட்கலாம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்க இயந்திரத்தைப் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கோ, பல சேவைகளும் சேர்ந்து தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலோ தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2012-ல் விதி வந்தது. வட மாவட்டங்களில் கருவின் பாலினம் பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்திகளைப் படித்த யாரும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நடமாடும் மருத்துவ ஊர்திக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. அந்த ஊர்தியில் முறையாகப் பதிவு செய்த இயந்திரமும், இதயமும் சிறுநீரகமும் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் குறித்த நாளில் மலைக்கு வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்களில் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்தார்கள். பழங்குடி மக்களிடம் பரம்பரை ரத்தநோயைத் தேட 2023-ல் அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பரம்பரை நோய் என்றால் என்ன, ஒருவருக்கு இருந்தால் குடும்பத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று மலைமக்களிடம் பேசத் தெரிந்த சுகாதாரப் பணியாளர்கள் அதனால் உருவாகிறார்கள். மலையிறங்கினால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் மருத்துவத் துறை இருக்கிறது. அரிய நோய்களுக்கான தேசிய சிறப்பு மையங்களில் ஒன்றாக எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. ஜமுனாமரத்தூரில் இருக்கும் ஒரு தாளுக்கும் இந்த இடங்களுக்கும் நடுவே பாலம் மட்டும்தான் இல்லை.

அந்தப் பாலத்துக்குப் பெரும் செலவு பிடிக்காது. அரசு முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் எக்கோ அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். சுவர் 12 மில்லிமீட்டருக்கு மேல், பி.பி. சரியாக இருக்கிறது என்றால் சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா, சிறுநீரக ஸ்கேன் பார்த்தாயிற்றா, தாய்வழியில் யாருக்காவது இதயம், சிறுநீரகம், பக்கவாதம் உண்டா என்ற மூன்று கேள்விகள். ஐம்பது வயதுக்குள் டயாலிசிஸுக்கு வருபவர்களில் காரணம் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒரு எக்கோவும் ஒரு ரத்தச் சொட்டுத் தாளும். காய்ந்த ரத்தத் தாளுக்குக் குளிர்பெட்டி வேண்டாம், அஞ்சல் உறையில் போகும். மலைச் சுகாதார நிலையத்தில் செவிலியரே எடுத்து அனுப்பலாம். நோயாளி கீழே இறங்க வேண்டிய அவசியம் இல்லை. முடிவு வந்த பிறகு தேவைப்படுபவரை மட்டும், பயணப்படியும் இழந்த கூலியும் கொடுத்து அழைக்க வேண்டும். நோய் உறுதியானால் குடும்பத்தைத் தேடி நாம்தான் மலையேற வேண்டும், அவர்கள் இறங்கி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பொதுவான நோய்களையே சமாளிக்க முடியவில்லை, இதற்கெல்லாம் நேரமேது என்பவர்களுக்கு ஒரு பதில்தான். இதற்கென்று புது இயந்திரம் கேட்கவில்லை, புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஸ்கேன் ஏற்கெனவே எடுக்கிறோம், தாளும் ஏற்கெனவே இருக்கிறது. மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசுவதற்குத்தான் கேட்கிறேன். அந்த ஐந்து நிமிடம் மருத்துவரின் தயவாக இருக்கக் கூடாது. மாவட்டச் சுகாதாரத் துறையும் மருத்துவக் கல்விக் கழகங்களும் அதைப் படிவத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களும் ஜவ்வாது மலையைப் பங்குபோட்டுக் கொண்டிருக்கின்றன. இதை முதலில் தொடங்கும் பொறுப்பையும் மூன்றும் பங்குபோட்டுக் கொள்ளட்டும்.